மில்லுக்காரர் வாய் கொப்பளித்த சத்தம்

இண்டூரில் கபடி ஆடத் தெரியாதவர்கள் உண்டு. மாயவன் கபடி சொல்லிக் கேட்காதவர்கள் கிடையாது.

அவர் கோட்டுக்குள் இறங்கி ஆடுகிறவர் அல்ல. இளவட்டமாக இருந்தபோது ஒரே ஒருமுறை இறங்கினார். பாடிப் போன வேகத்தில் எதிராளி காலைப் பிடித்தான். எழுந்தபோது முன்பல் ஒன்று மண்ணில் கிடந்தது. அன்றைக்கே கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். மைக் செட்டுக்காரன் சாப்பிடப் போன நேரத்தில் சும்மா இருந்த மைக்கை எடுத்து, தன் பல் விழுந்த கதையையே வர்ணனையாகச் சொன்னார். ஜனம் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த வருஷத்திலிருந்து காணும் பொங்கல் ஆட்டத்துக்கு அவர்தான் மைக்.

ஆட்டக்காரனை அவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘கிணத்துமேட்டு வூட்டு ரெண்டாவது பையன், காலையில மூணு களி உருண்டை தின்னவன், பாடி வர்றான்’ என்பார். பாடுகிறவன் எப்படி ஒரே மூச்சில் கபடி கபடி என்று போய் வருகிறானோ, அதே மூச்சளவில் மாயவனும் அந்த ஆட்டத்தைச் சொல்லி முடிப்பார். அவன் மூச்சு விட்டால்தான் இவரும் விடுவார். பாடுகிறவனுக்கு மூச்சு தீர்ந்த பிறகும் மாயவனுக்கு மிச்சம் இருக்கும் என்று ஊரில் பேச்சு.

ஆட்டம் வருஷத்துக்கு ஒருநாள். மற்ற நாளெல்லாம் மாவு மில். கேழ்வரகு, கம்பு, அரிசி, மிளகாய் என்று எல்லாம் அந்த ஒரே அறையில் அரைபட்டது. மில்லை விட்டு வெளியே வரும்போது புருவம் வரை வெள்ளையாக இருப்பார். வாசலில் நின்று ஒரு பீடி பிடித்துவிட்டு மறுபடி உள்ளே போவார். இருமல் வந்தது. அது போகும் என்று இருந்தார். போகவில்லை. ஏரிக்கரை மேடு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் ஊத வைத்துப் பார்த்தார்கள். நுரையீரல் குழாய்கள் சுருங்கிவிட்டன, பழையபடி ஆகாது, ஆனால் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு நன்றாகவே இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பீடியை அன்றே விட வேண்டும், மில்லுக்குள் போகக் கூடாது. வாயில் வைத்து அமுக்கி மருந்தை மூச்சோடு இழுக்கிற பம்பு இரண்டு கொடுத்தார். ஊதா நிறத்தில் ஒன்று, காலையும் மாலையும் விடாமல் இழுப்பது. நீல நிறத்தில் ஒன்று, மூச்சு முட்டினால் மட்டும். ஊதா மருந்து இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். மாயவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் தலையாட்டுவது ஒரு மரியாதை.

பீடியை விட்டார். மில்லை மகன் தமிழ்மணியிடம் விட்டார். மருந்து விஷயத்தை மட்டும் குள்ளம்மாளிடம் விட்டார்.

குள்ளம்மாள் அவர் மனைவி. மாயவனைவிட ஒரு சாண் உயரம். பிறந்தபோது வைத்த பேரை வளர்ந்த பிறகு மாற்ற முடியவில்லை. அவளுடைய அப்பன் ஏரியூர்ப் பக்கத்தில் மனுசருக்கும் மாட்டுக்கும் ஒரே பையிலிருந்து மருந்து கொடுத்தவர். அதனால் மருந்து என்றால் என்ன, அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. தேனில் குழைக்காத மருந்து உடம்பில் ஒட்டாது. மருந்து எடுத்ததும் வாயில் தண்ணீர் படக்கூடாது. கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது.

“உறிஞ்சுன மருந்தைக் கொப்பளிச்சுத் துப்பச் சொன்னாராமா? துப்பறதுக்கு எதுக்கு உறிஞ்சறது?” என்றாள்.

மாயவனுக்கு அதில் நியாயம் தெரிந்தது. அவள் கையில் தேன் பாட்டிலும் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே இனிப்புக்கு நாக்கை நீட்டுகிறவர். காலையில் ஒரு இழுப்பு, ஒரு கரண்டி தேன். மாலையில் ஒரு இழுப்பு, ஒரு கரண்டி தேன். பிறகு அரைமணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அந்த அரைமணி நேரம் வீட்டில் நல்ல அமைதி இருந்ததாகக் குள்ளம்மாள் பின்னாளில் சொன்னாள்.

மூச்சு தேறியது. மேட்டை நிற்காமல் ஏறினார். ஆண்டியின் டீக்கடை வரை தானே நடந்து போய்வந்தார். ஆண்டி அவருக்கு மச்சான் முறை, கபடிக் குழுவுக்குத் தலைவர். கார்த்திகை முடிகிற சமயத்தில் ஒருநாள் ஆண்டி டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“என்னா மாமா, கொரலு தகரத்துல ஆணி கீறுன மாதிரி வருது?”

“பனி.”

“பனி எனக்குந்தான் பெய்யுது.”

மார்கழி பிறந்தபோது குரல் பாதியாகிவிட்டது. கூப்பிட்டால் காற்று வந்தது, சத்தம் வரவில்லை. சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை. ஒருநாள் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். நாக்கிலும் உள்கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. குள்ளம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் வெளிச்சத்தில் நிறுத்தி, முகவாயைப் பிடித்துத் திருப்பி, நிதானமாகப் பார்த்தாள்.

“மாவு” என்றாள்.

“மாவா?”

“இத்தன வருசம் உள்ள போன மாவு. மருந்து இப்பத்தான் அதைக் கெளப்பி வெளிய தள்ளுது. நல்லதுதான்.”

மாயவனுக்கும் அப்படித்தான் பட்டது. அவ்வளவு மாவு உள்ளே போயிருந்தால் அது ஒருநாள் வெளியே வரத்தானே வேண்டும். சீக்கிரம் வரட்டும் என்று குள்ளம்மாள் தேனை இரண்டு கரண்டியாக்கினாள்.

மாவு வந்துகொண்டே இருந்தது. குரல்தான் வரவில்லை. அப்போது ஆண்டி கடையில் இன்னொரு பேச்சு அடிபட்டது. அதியமான்கோட்டையில் கதிரவன் என்று ஒருவன், ஹைவே ஓரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான், வர்ணனையும் சொல்கிறான், ஆள் அவுட்டானால் செல்போனிலிருந்து பாட்டே போடுகிறானாம். ஆண்டி மாயவனின் முகத்தைப் பார்க்காமல் டீ கிளாஸைக் கழுவினார்.

“சும்மா கேட்டு வச்சிருக்கோம் மாமா. உன் கொரலு வந்துட்டா அவன் எதுக்கு?”

வீட்டுக்கு நடக்கும்போது மாயவன் யோசித்தார். பம்பு வருவதற்கு முன்னால் மூச்சு இல்லை, குரல் இருந்தது. பம்பு வந்த பிறகு மூச்சு இருக்கிறது, குரல் இல்லை. மூச்சு இப்போது நன்றாகத்தானே இருக்கிறது. பொங்கல் வரைக்கும் பம்பை நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

குள்ளம்மாளிடம் சொல்லவில்லை. சொன்னால் தேனும் நின்றுவிடும். பம்பை வாயில் வைப்பார், அமுக்க மாட்டார், மூச்சை மட்டும் இழுப்பார். பிறகு நாக்கை நீட்டுவார். அவள் தேன் விடுவாள்.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேட்டில் ஒரு இடத்தில் நின்றார். பிறகு இரண்டு இடத்தில்.

பொங்கலுக்குச் சாமான் வாங்கப் பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். பூசணிக்காய் வாங்கியாயிற்று. மொச்சை வாங்கியாயிற்று. மிளகாய்க் குவியல் பக்கம் போனபோது ஒருவன் மூட்டையை உதறினான். மாயவன் இருமினார். இருமல் நிற்கவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கயிற்றைப் போட்டு முறுக்குவது போல இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஊதா பம்பை எடுத்து அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மறுபடியும். ஒன்றும் அவிழவில்லை. நீலப் பம்பு வீட்டில், பரணில், சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

குள்ளம்மாள் பூசணிக்காயைக் கீழே போட்டாள். அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, கிட்டத்தட்ட தூக்கிக்கொண்டே ரோட்டுக்கு வந்து ஆட்டோவை மறித்தாள். உயரம் அன்றைக்கு உதவியது.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். கயிறு மெல்ல அவிழ்ந்தது. மறுநாள் காலை, நிர்மலா என்கிற நர்ஸ் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஐயா, தெனமும் ரெண்டு வேளையும் மருந்து இழுக்கறீங்களா?”

“இழுக்கறாருங்க. நான்தான் பக்கத்துலயே நிக்கறேன்” என்றாள் குள்ளம்மாள்.

“வூட்டுல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணிக் காட்டுங்க.”

மாயவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பம்பை வாயில் வைத்தார். குள்ளம்மாள் மஞ்சப்பையைத் திறந்து தேன் பாட்டிலை எடுத்தாள், கரண்டியை எடுத்தாள், முந்தானையில் துடைத்தாள், பாட்டிலைச் சாய்த்துத் தயாராக நின்றாள். மாயவன் நாக்கை நீட்டினார்.

நிர்மலா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“இது எதுக்கும்மா?”

“அனுபானம். மருந்து உடம்புல ஒட்டறதுக்கு.”

“நாக்கை உள்ள இழுக்காதீங்க ஐயா. அப்படியே இருங்க.” டார்ச்சை அடித்துப் பார்த்தாள். “எத்தன நாளா இப்படி இருக்குது?”

“அது மாவுங்க” என்றாள் குள்ளம்மாள். “மில்லு வச்சிருந்தாரு. இப்பத்தான் வெளிய வருது.”

இந்த முறை நிர்மலாவால் முடியவில்லை. சிரித்துவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார்.

“அம்மா, இது மாவு இல்ல. பூஞ்சக்காளான். ஊறுகா ஜாடியில மேல படருமே, அந்த மாதிரி. இந்த மருந்து நெஞ்சுக்குப் போக வேண்டியது. கொஞ்சம் வாயிலயும் தொண்டையிலயும் தங்கிடும். தங்குனா இது வளரும், கொரலும் கம்மிப்போவும். அதுக்குத்தான் கொப்பளிச்சுத் துப்பச் சொல்றது. நீங்க அதுக்குத் தேனும் ஊத்தி வளத்திருக்கீங்க.”

குள்ளம்மாள் பாட்டிலை மூடினாள். “துப்பினா மருந்து போயிடாதா?”

“நெஞ்சுக்குள்ள போனது போயாச்சு. வாயில நிக்கறதுக்கு அங்க வேலை இல்ல. வேலை இல்லாதவன் தெருமுக்குல நின்னா என்ன பண்ணுவான்?”

“வம்பு வளப்பான்.”

“அவ்ளோதான்.” பிறகு நிர்மலா மாயவன் பக்கம் திரும்பினாள். “ஆனா ஒண்ணு புரியலைங்க. தெனமும் சரியா இழுத்திருந்தா இவ்ளோ மோசமா வந்திருக்காதே.”

மாயவன் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். குள்ளம்மாள் மாயவனைப் பார்த்தாள்.

“கொஞ்ச நாளா மருந்து இழுக்கல” என்றார். “தேன் மட்டும்.”

குள்ளம்மாள் கரண்டியைப் பைக்குள் வைத்தாள். அந்தச் சத்தம் வசவைவிடப் பெரிதாக இருந்தது.

“கொரலு போச்சுங்க” என்றார் மாயவன். “காணும் பொங்கலுக்கு நான் மைக்கில நிக்கணும். இந்த மருந்து வந்துதான் கொரலு போச்சு. அதான்.”

நிர்மலாவின் தம்பியும் கபடி ஆடுகிறவன். மாயவனைத் தெரியாமல் இருக்குமா? அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள். கொரலு வரும் என்றாள். காளானுக்கு வாயில் விடுகிற மருந்து டாக்டர் எழுதுவார், அதை முடிக்க வேண்டும். ஊதாவை ஒருநாளும் தானாக நிறுத்தக் கூடாது, உடம்பு நன்றாக இருந்தாலும் நிறுத்தக் கூடாது, நன்றாக இருப்பதே அதனால்தான். ஏதாவது தொந்தரவு என்றால் நிறுத்தாமல் இங்கே வந்து சொல்ல வேண்டும். மூச்சு முட்டும்போது ஊதாவை அமுக்கிப் பிரயோசனம் இல்லை, அது மெதுவாக வேலை செய்வது. அந்த நேரத்துக்கு நீலம். நீலம் பரணில் இருக்கக் கூடாது, பையில் இருக்க வேண்டும். நீலத்துக்கும் அடங்காவிட்டால் அங்கேயே நிற்காமல் ஆஸ்பத்திரி.

மாயவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“அப்ப ஊதா கார்னர்ல நிக்கறவன். நாளெல்லாம் நிப்பான், கோட்டைக் காப்பான். ஒரு பாயிண்டும் எடுக்கற மாதிரி தெரியாது. நீலம் பாடிப் போறவன். வந்தான், தொட்டான், போனான்.”

“ஐயா, இதை நான் மத்தவங்களுக்கும் சொல்லிக்கலாமா?”

“சொல்லும்மா. ஊருல ஆட்டக்காரன் பேரைச் சேத்துச் சொல்லு, இன்னும் நல்லாருக்கும்.”

பம்பைச் சொருகி இழுக்க ஒரு பிளாஸ்டிக் குடுவையும் கொடுத்தாள். அதில் இழுத்தால் மருந்து வாயில் அதிகம் தங்காது. பம்பைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, குடுவையைக் கவ்வி, அமுக்கி, மெதுவாக இழுத்து, கொஞ்ச நேரம் அடக்கி விட வேண்டும். மாயவன் பண்ணிக் காட்டினார். மூச்சை அடக்குவது மட்டும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பஸ்ஸில் குள்ளம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். இண்டூர் நெருங்கும்போதுதான் பேசினாள்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா தேனை நிறுத்தியிருப்ப.”

“உன்னையே நிறுத்தியிருப்பேன்.”

அதோடு கோபம் முடிந்தது. அவள் எந்தக் கட்சிக்குப் போனாலும் அரைமனதாகப் போகிறவள் அல்ல. மறுநாளிலிருந்து கொப்பளிப்பதற்கு அவள்தான் நடுவர். கொய்யா மரத்தடியில் சொம்போடு நிறுத்துவாள். வாயில் தண்ணீரை விட்டு, அண்ணாந்து, தொண்டை வரைக்கும் கொண்டுபோய்க் களகளவென்று அடித்துத் துப்ப வேண்டும். “சத்தம் பத்தல, இன்னொருக்கா” என்பாள். போகியன்று தெருவே பழம்பாயைக் கொளுத்தியபோது, மாயவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தானே வாசலில் காவல் நின்றாள். வெள்ளை கரைந்தது. களியில் உப்பு இருப்பது தெரிந்தது. குரல் ஒவ்வொரு இழையாகத் திரும்பியது.

ஆண்டிக்கு நம்பிக்கை இல்லை. கதிரவனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கடைசியில், காலையிலிருந்து அவன் சொல்லட்டும், ஃபைனல் மட்டும் மாமாவுக்கு என்று முடிவாயிற்று.

காணும் பொங்கலன்று மைதானத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கியிருந்தார்கள். ஏற்பாடு குள்ளம்மாளுடையது. மைக் மேசையைக் காற்று வரும் பக்கம் போடச் சொன்னதும் அவள்தான். கதிரவன் நல்ல பையன். ஃபைனலுக்கு முன்னால் எழுந்து மைக்கைத் தன் சட்டையில் துடைத்து நீட்டினான்.

“பெரியப்பா, வாங்க. காலையிலருந்து ஜனம் எங்கிட்ட உங்களைத்தான் கேக்குது.”

மாயவன் மைக்கைத் தட்டினார். “எல்லாருக்கும் வணக்கம்” என்றார். நான்கு கூம்பு ஸ்பீக்கரிலும் அவருடைய குரல் போய், ஏரியின் அந்தக் கரையில் பட்டுத் திரும்பியது. கரை முழுக்கக் கைதட்டல். ஆண்டி தலையிலிருந்து துண்டை எடுத்துச் சுற்றினார்.

முதல் ஆள் பாடி வந்தான். பச்சை பனியன், நெட்டைக்கால். மாயவன் தொடங்கினார். தென்னந்தோப்பு வூட்டுப் பேரன், வலதுபக்கம் பாக்குறான், போகமாட்டான், இடதுபக்கம் பாக்குறான், அதுக்கும் போகமாட்டான், எங்க போவான்னு அவனுக்கே இன்னும் தெரியல —

அங்கே மூச்சு தீர்ந்தது.

பச்சை பனியன் இன்னும் எதிராளிக் கோட்டுக்குள் கபடி கபடி என்று நிற்கிறான். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. ஜனம் ஆட்டத்தை விட்டுவிட்டு மேசையைத் திரும்பிப் பார்த்தது. குரல் வந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்திருந்தார். பழைய மூச்சு வராது என்று டாக்டர் முதல் நாளே சொன்னதற்கும் அவர் தலையாட்டித்தான் இருந்தார். இப்போதுதான் அது காதில் விழுந்தது. அடுத்த ஆட்டத்தைத் துண்டு துண்டாகச் சொன்னார். அதற்கடுத்ததில் இரண்டு இடத்தில் நின்றார். கதிரவன் மைக்கைக் கேட்கவில்லை, ஆனால் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

பாதி ஆட்டத்துக்கு விசில் அடித்தார்கள். பொழுது சாய்ந்திருந்தது. மைதானத்தின் நடுவே, கோட்டைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் குள்ளம்மாள் நடந்து வந்தாள். ஒரு கையில் பம்பு சொருகிய குடுவை, ஒரு கையில் சொம்பு.

“வேளை ஆச்சு.”

“முடியட்டும், வந்து இழுக்கறேன்.”

“ஆட்டம் காத்திருக்கும். இது காத்திருக்காது.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மாயவன் மைக்கை மேசையில் வைத்தார். பம்பைக் குலுக்கினார். மூச்சை விட்டார், இழுத்தார், அடக்கினார். பிறகு சொம்பை வாங்கி, அண்ணாந்தார்.

மைக்கை யாரும் அணைக்கவில்லை.

களகளகளகள என்று நான்கு ஸ்பீக்கரிலும் கிளம்பிய சத்தம் ஏரிக்கரையைச் சுற்றியது. மரத்திலிருந்த கொக்குகள் எழும்பின. முளைக்குச்சியில் கட்டியிருந்த மாடு ஒன்று பதில் சொன்னது. ஜனம் ஒரு நொடி திகைத்து, பிறகு ஓவென்று சிரித்தது. ஆட்டக்காரர்கள் கோட்டுக்குள் குந்திவிட்டார்கள். மாயவனுக்கு விஷயம் தெரியாது. “சத்தம் பத்தல, இன்னொருக்கா” என்றாள் குள்ளம்மாள். அதுவும் ஸ்பீக்கரில் போனது. பெண்கள் பக்கத்திலிருந்து விசில் வந்தது.

அவர் துப்பிவிட்டுத் திரும்பும்போது இரண்டாம் பாதி ஆரம்பித்துவிட்டது. குள்ளம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. காலி நாற்காலியை மைக் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் இதுவரைக்கும் ஒரு ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்தவள் இல்லை.

“அந்தப் பச்ச பனியன் யாரு வூட்டுப் பையன்?” என்றாள்.

கேள்வி ஊருக்கே கேட்டது. மாயவன் சொன்னார்.

“எதுக்கு அவன் காலை அப்படி நீட்டறான்? சுளுக்கா?”

சிரிப்பு. அவள் கேட்கிற நேரத்தில் மாயவன் மூச்சை வாங்கிக்கொண்டார். “சுளுக்கு இல்ல, போனஸ். கோட்டைத் தொட்டாப் பாயிண்டு” என்றார்.

“தொட்டுட்டானே. அப்பறம் ஏன் வூட்டுக்கு வராம அங்கயே நிக்கறான்?”

“ஆசை.”

“பேராசை. அந்தக் குட்டையன் காலைப் புடிச்சிடுவான் பாரு.”

குட்டையன் காலைப் பிடித்தான். மைதானம் எழுந்து நின்றது. ஐந்தாறு பேர் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடக்க, நெட்டைக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டு கோட்டை நோக்கி நகர்ந்தது. மாயவன் மைக்கை இறுகப் பிடித்தார். கால் நீள்கிறது என்றார். விரல் நீள்கிறது என்றார். மூச்சு தீரப் போனது. அவர் குள்ளம்மாளைப் பார்த்து மைக்கை அவள் பக்கம் சாய்த்தார்.

“நகத்தை வெட்டாம வுட்டிருந்தாத் தொட்டிருப்பான்” என்றாள் அவள்.